நிரை பிடித்து ஏறிய மலை

நாகலெட்சுமி பொய் சொன்னால் முகத்தில் தெரியாது. அவளிடம் எனக்குப் பிடிக்காத குணமே அதுதான். மார்கழியில் கொழும்பிலிருந்து ரோகினி என்ற பெண் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு வந்தார். மலையேற ஆட்களைக் கூட்டிக்கொண்டு வருவது அவருடைய தொழில். "கூனன் மலை உச்சிக்குப் பாதை தெரிஞ்ச ஆள் ஆரும் இருக்கிறீங்களோ? பொம்பிளையெண்டா இன்னும் நல்லம்" என்று கேட்டார். இவள் கொழுந்துக் கூடையைக்கூட இறக்காமல், "நான் இருக்கேங்க. எத்தன வாட்டி ஏறியிருப்பேன்னு எனக்கே கணக்கு இல்ல" என்றாள்.

கணக்கு இல்லைதான். ஏறியிருந்தால்தானே கணக்கு! விறகு பொறுக்கக் காட்டோரம்வரை போனதோடு சரி. அதற்கு மேலே அவள் பார்த்ததெல்லாம் கீழே நின்று அண்ணாந்து பார்த்ததுதான். எனக்கு எப்படித் தெரியும் என்றால், நான் அவளுக்குப் பக்கத்து நிரை. எங்களுக்குத் தேயிலைச் செடியின் ஒரு வரிசை ஒரு நிரை. ஆளுக்கு ஒரு நிரை பிடித்து, பறித்துக்கொண்டே மேலே ஏறவேண்டும். அடுத்தவள் நிரைக்குள் கால் வைத்தால் அன்றைக்குச் சண்டைதான். தோட்டத்தில் வேலைக்குப் பேர் பதிந்த காலத்திலிருந்து அவள் ஒரு நிரையிலும் நான் பக்கத்து நிரையிலுமாக ஏறி இறங்கியிருக்கிறோம். அவள் மனசில் இருப்பதெல்லாம் என் காதில்தான் விழும்.

அன்றைக்குச் சாயங்காலம் பிடித்துக்கொண்டேன். "ஏன்டி இப்புடிப் புளுகுன? நாளைக்கு மலையேற வர்ற புள்ளைங்கள எங்க கொண்டுபோய்த் தள்ளப் போற?"

அவள் சிரிக்கவில்லை. "பூரணி, பேர் பதிஞ்ச நாள்லருந்து என் முதுகுக்குப் பின்னாடி யாராச்சும் நின்னு கத்திக்கிட்டே இருக்காங்க. ஒரு தடவையாச்சும் நான் முன்னால நடக்கணும்டி. நாலு பேரு என் பின்னாடி வரணும்." சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. என் கோபம் போன இடம் தெரியவில்லை.

மாசியில் ஒரு கூட்டம் வரும், அதை ஒழுங்காக ஏற்றி இறக்கினால் அந்த வேலை நிரந்தரம் என்று ரோகினி சொல்லியிருந்தார். போனில் குரல் பதிவாக அனுப்பி அனுப்பிப் பாடம் வேறு நடத்தினார். மாசி மாதத்து மலையை நம்பக்கூடாது. விடியற்காலையில் உறைபனி, பத்து மணிக்கு மண்டையைப் பிளக்கும் வெயில், மத்தியானம் மூடுபனி, பிறகு மழை. ஏறும்போது புழுதியாக இருந்த பாதை இறங்கும்போது ஓடையாகிவிடும். அதனால் ஒன்றின்மேல் ஒன்றாக உடுப்புப் போடுங்கள், காலில் வழுக்காத சப்பாத்துப் போடுங்கள், கையில் ஒரு கம்பு வைத்திருங்கள் என்றெல்லாம் அந்தக் குரல் சொன்னது. நாகலெட்சுமி அதை ரேடியோவில் நாடகம் கேட்கிற மாதிரி திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டாள். எங்கள் லயத்தில் வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் சுவர் மெல்லியது. எனக்கும் மனப்பாடம்.

சப்பாத்துதான் பெரிய பாடு. ஹட்டன் சந்தையில் வாங்கியது, ஆம்பிளைச் சப்பாத்து, ஒரு அளவு பெரிசு. முன்பக்கம் துணியை அடைத்து, லயத்துக்கும் குழாயடிக்கும் நடந்து பழகினாள். டொக்கு டொக்கு என்று சத்தம் வரும். அவள் புருஷன் சின்னராசா வாசலில் எழுந்து நின்று, "அடடா, தொரைசாணி வர்றாங்க, வழிய விடுங்கப்பா!" என்பார். அவள் கம்பை ஓங்குவாள். அட்டை கடிக்காமலிருக்கத் துணி தோய்க்கும் சவுக்காரத்தையும் உப்பையும் குழைத்துக் காலில் பூசிப் பார்த்தாள். ராத்திரி முழுக்க எரிகிறது என்று என்னைத்தான் திட்டினாள். நானா பூசச் சொன்னேன்?

கூட்டம் வருவதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை. எங்கள் நிரைக்காரிகள் ஆறு பேர் கிளம்பினோம். தோட்டத்தில் எங்கள் பின்னால் நின்று வேலை வாங்கும் பொன்னையா கங்காணியும் யாரும் கூப்பிடாமலே வந்து நின்றார். "பொம்பளைங்க தனியா காட்டுக்குள்ள போறதாவது? நான் வர்றேன்" என்றார். வேலை நாளில்தான் இந்த மனுஷன் தொல்லை என்றால் லீவு நாளிலுமா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பள்ளத்துத் தேயிலையெல்லாம் பனியில் வெள்ளையாகிக் கிடந்தது. மிதித்தால் புல் நொறுங்கியது. காட்டுக்குள் ஒற்றையடிப் பாதைதான். தள்ளிப் போக இடமில்லாததால் அதுவரை ஒருவர் பின் ஒருவராக ஒழுங்காகத்தான் போனோம். காடு முடிந்ததும் வெட்டவெளிச் சரிவு. இடுப்பளவு மானாப்புல். வெயில் ஏறிவிட்டதால் சுவெட்டரைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டோம். நாகலெட்சுமி கம்பை ஊன்றி முன்னால் போனாள். நாங்கள் பேசிக்கொண்டே ஏறினோம்.

கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பிப் பார்த்தால் என் பின்னால் யாருமில்லை. முன்னாலும் யாருமில்லை. எல்லோரும் பக்கத்தில் இருந்தார்கள்! எங்களுக்கே தெரியாமல் சரிவு முழுக்கப் பரவி, ஆளுக்கு ஒரு நிரை பிடித்து ஏறிக்கொண்டிருந்தோம். ஒருத்தி பாதைக்குத் திரும்பப் பார்த்தாள். நானே, "ஏய், என் நிரைய மிதிக்காத!" என்று கத்திவிட்டேன். கொழுந்து இல்லை, செடி இல்லை, வெறும் புல். அதற்குப் போய்ச் சண்டை. வழிகாட்டியும் அவள் பங்குக்கு ஓர் ஓரத்தில் தன் நிரையைப் பிடித்து ஏறிக்கொண்டிருந்தாள். கங்காணி எல்லோருக்கும் பின்னால், கையைப் பின்னுக்குக் கட்டிக்கொண்டு, "வெரசா, வெரசா!" என்று சத்தம் போட்டபடி வந்தார். பாதையில் ஒரு ஈ காக்கை இல்லை.

சிரித்து முடிப்பதற்குள் மூடுபனி இறங்கிவிட்டது. பக்கத்து நிரைக்காரி மறைந்தாள். என் கையே எனக்கு மங்கலாகத் தெரிந்தது. இடது பக்கம் எங்கோ பள்ளம் இருக்கிறது என்பது மட்டும் தெரியும். ஆளாளுக்குக் கூப்பாடு. எல்லாவற்றுக்கும் மேலே கங்காணியின் குரல். "மேல ஏறு! இல்ல, இந்தப் பக்கம் வா! அங்கிட்டுப் போகாத!"

அப்போதுதான் நாகலெட்சுமி வாயைத் திறந்தாள். "கங்காணி! வாய மூடுங்க!"

மலையே அமைதியாகிவிட்டது. அவரைப் பார்த்து எங்கள் தோட்டத்தில் யாரும் அப்படிச் சொன்னதில்லை. சொன்னவள் அதோடு நிற்கவில்லை. "யாரும் நகராதீங்க. நான் கம்பால தட்டிக்கிட்டே வர்றேன்." ஒவ்வொருத்தியாகத் தேடிவந்து பிடித்தாள். முன்னால் இருப்பவள் இடுப்பில் கட்டிய சுவெட்டரின் கையைப் பின்னால் வருபவள் பிடித்துக்கொள்ள வேண்டும் என்றாள். கடைசியாகக் கங்காணியைக் கண்டுபிடித்து என் பின்னால் கோர்த்துவிட்டாள். மனுஷன் என் சுவெட்டரைப் பிடித்துக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் காடுவரை இறங்கி வந்தார். அந்தக் காட்சிக்காகவே இன்னொரு தடவை வழி தவறலாம்.

லயத்துக்கு வந்ததும் நாகலெட்சுமி அழுதாள். "உச்சியவே பாக்கலயே பூரணி. எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு அவங்கள கூட்டிக்கிட்டுப் போவேன்?" அடுத்த நாள் ரோகினிக்குப் போன் எடுத்து, பாதி மலைதான் தெரியும் என்று உண்மையைச் சொல்லிவிட்டாள். அந்தப் பக்கம் ஏதோ தாளைப் புரட்டும் சத்தம். பிறகு, "ஆக்களைச் சேர்த்தாச்சு. பாதையின்ர படம் என்னட்டக் கிடக்கு, போனில பாத்துப் போவம். ஆனா வேலையைப் பற்றி வந்துதான் கதைக்கலாம்" என்று சொல்லி வைத்துவிட்டார். வரிசைக்குக் கடைசியில் நடந்துவர ஒரு ஆள் வேண்டும் என்றும் சொல்லியிருந்தார். அது நான்.

சனிக்கிழமை எல்லாம் நன்றாகத்தான் போனது. பனி, வெயில், காடு, புல். வந்தவர்கள் ஒற்றை வரிசையில் சமத்தாக ஏறினார்கள். உச்சி தெரிந்தது. இன்னும் ஒரு ஏற்றம், அவ்வளவுதான். நாகலெட்சுமி நின்றாள். கீழே பள்ளத்திலிருந்து மேகம் எழும்பி வருவதைப் பார்த்தாள்.

"என்ன நிண்டுட்டீங்க? கிட்டத்தானே, ஏறிப்போட்டு வருவம்" என்றார் ரோகினி.

நாகலெட்சுமி கடைசியில் நின்ற என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் ஏறு ஏறு என்று கையைக் காட்டினேன். வேலை போய்விடுமே என்ற பதைப்பு எனக்கு. அவள் என் கையைப் பார்த்தாள். பிறகு ரோகினியிடம், "எறங்குங்க. எல்லாரும் எறங்குங்க" என்றாள். கத்தவில்லை. இரண்டாம் தரம் சொல்லவுமில்லை.

ரோகினியின் முகம் கடுத்துப் போயிற்று. காட்டுக்குள் நுழைவதற்குள் மழை கொட்டியது. பாதையெல்லாம் செந்தண்ணீர். ஒரு பெண் வழுக்கி உட்கார்ந்து, உட்கார்ந்தபடியே சிரித்தாள். எல்லோரும் முழுசாகக் கீழே வந்து சேர்ந்தோம். ரோகினி மேகம் மூடிய உச்சியை ஒரு தடவை அண்ணாந்து பார்த்தார். தேத்தண்ணி குடித்து முடித்து வேனில் ஏறுகிறபோதுதான், "வாற சனி இன்னொரு கூட்டம் வருது. ஏலுமோ, நாகலெட்சுமி?" என்று கேட்டார்.

அவள் தோட்டத்தில் பேரை வெட்டிக்கொண்டு மலை வேலைக்கே போய்விட்டாள். அவளுடைய நிரையில் இப்போது வேறொரு பிள்ளை கொழுந்து எடுக்கிறது. நல்ல பிள்ளைதான், ஆனால் வாயே திறக்காது. நாள் முழுக்க நான் யாரிடம் பேசுவது? அவள்மேல் எனக்குச் சரியான கோபம்.

போன வாரம் நாங்கள் மேல் மலையில் பறித்துக்கொண்டிருந்தபோது, கீழே பாதையில் ஒரு கூட்டம் வந்தது. முன்னால் அவள். திரும்பிப் பார்க்காமல், நிதானமாக, டொக்கு டொக்கென்று. பின்னால் அத்தனை பேரும் அவள் கால் வைத்த இடத்திலேயே கால் வைத்து வந்தார்கள். என் கை நின்றுவிட்டது.

"பூரணி, என்னா அங்க வேடிக்க?" என்று கங்காணி பின்னாலிருந்து கத்தினார்.

"நாகலெட்சுமி போறா, கங்காணி."

அவர் வந்து என் பக்கத்தில் நின்றார். அந்தக் கூட்டம் காட்டுக்குள் மறையும்வரை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் என்னைப் பறிக்கச் சொல்லவில்லை.