முள் ஏறவில்லை என்று மாமா சொன்னார்

உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் ஒரு பித்தளைச் சாமான். நடுவில் ஒரு வட்டத் தட்டு, அதைச் சுற்றி ஒரு ஸ்பிரிங். லாரி எஞ்சினில் தண்ணீர் போகும் வழியில் உட்கார்ந்திருக்கும். தெர்மோஸ்டாட் வால்வு என்று பெயர். ஷெட்டில் நாங்கள் வெறுமனே வால்வு என்போம். எஞ்சின் சூடானால் திறந்து தண்ணீரை ரேடியேட்டருக்கு அனுப்பும், ஆறினால் மூடிக்கொள்ளும். ரெட்டியார்பாளையத்தில் விழுப்புரம் ரோட்டை ஒட்டி இருந்த ஷெட்டில், ஒரு மே மாதக் காலையில், அதைத் துணியால் துடைத்து என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். பை ஒரு பக்கமாகத் தொங்கியது. அது எஞ்சினுக்குள் இருக்க வேண்டிய சாமான்.

அந்த லாரியை ஓட்டியவர் உங்கள் மாமா. அம்மாவுக்கு மூத்தவர், எனக்கு மச்சான். நீங்கள் இருவரும் பார்த்திருப்பது தொழிற்பேட்டை கேட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, உள்ளே வரும் லாரிகளின் நம்பரை நோட்டில் எழுதுகிற மாமாவை. நான் சொல்லப்போவது அதற்கு முந்தைய மாமாவை. ஷெட்டுக்குள் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினால் உடனே இறங்க மாட்டார். எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, ஸ்டீயரிங் மேல் இரண்டு கையையும் வைத்து ஐந்து நிமிடம் உட்கார்ந்திருப்பார். காற்றை அழுத்தி உள்ளே தள்ளுகிற டர்போ வைத்த எஞ்சினை ஓடிவந்த சூட்டோடு அணைத்தால் உள்ளே ஆயில் நின்றுபோய் டர்போ கருகிவிடும் என்பது இன்றைக்கு எல்லோருக்கும் தெரியும். அப்போது தெரியாது. மற்ற டிரைவர்கள் கீழே நின்று சீண்டுவார்கள். "என்னாண்ணே, எஞ்சினுக்குத் தாலாட்டு பாடுறியா?" என்பார்கள். "ஓடியாந்தவன் ஒடனே படுத்தா நெஞ்ச அடைக்காதாடா? நீ படு, நான் பார்க்கிறேன்" என்று மாமா சிரித்துக்கொண்டே சொல்வார். இறங்கும்போது கதவை அறைந்து சாத்த மாட்டார்.

அது எஞ்சின்கள் மாறிக்கொண்டிருந்த காலம். நான் எட்டாவதோடு படிப்பை விட்டு ஷெட்டுக்கு வந்தபோது எல்லாம் பழைய டீசல் எஞ்சின்கள். சத்தம் அதிகம், புகை அதிகம், இழுவை குறைவு. ஆனால் எதையும் பொறுத்துக்கொள்ளும். ஆயில் மாற்றத் தவறினாலும் ஓடும், நாங்கள் சுத்தியலால் தட்டி மாட்டினாலும் ஓடும். அந்தக் காலத்தில் இங்கிருந்து திண்டிவனம் வரைக்கும் எந்த ஷெட்டில் கேட்டாலும், வண்டி சூடாகிறது என்று வந்தால் முதலில் அந்த வால்வைக் கழற்றி எறிந்துவிடுவார்கள். "குளிர் நாட்டுக்காரன் அவன் ஊருக்கு வெச்சது, நம்ம வெயிலுக்கு எதுக்கு?" என்பது எங்கள் வாதம். கழற்றிய வண்டி மறுநாளே கெட்டுப்போகாது. எப்போதும் சூடு பத்தாமல் ஓடி, உள்ளே கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து, சில வருடம் முன்னதாகவே பிரித்து வேலை பார்க்க வரும். வரும்போது யாரும் வால்வைப் பற்றிக் கேட்க மாட்டார்கள். அந்த எஞ்சின்கள் அவ்வளவு நல்லவையாக இருந்ததால்தான் எங்கள் தப்பு எங்களுக்குத் தெரியாமல் போனது. நாங்கள் அதை எங்கள் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துக்கொண்டோம்.

புது எஞ்சின் அப்படி இல்லை. டர்போ வந்தபின் அதே அளவு இரும்பிலிருந்து இன்னும் அதிக சக்தி எடுத்தார்கள். சூடும் அதிகம், கணக்கும் அதிகம். லாரியின் சொந்தக்காரரை நாங்கள் முசே என்று கூப்பிடுவோம், பிரெஞ்சில் ஐயா என்கிற மாதிரி. அவருடைய அப்பா பிரெஞ்சு பட்டாளத்தில் இருந்து திரும்பியவர், வீட்டில் எல்லோருக்கும் பிரெஞ்சு குடியுரிமை. அந்தப் புது வண்டியை வாங்கியதும் சாவியை வேறு யாரிடமும் கொடுக்காமல் மாமா கையில்தான் கொடுத்தார்.

அன்றைக்கு வண்டி வந்தது ஒரு சின்னத் தண்ணீர் ஒழுகலுக்கு. வால்வு இருக்கும் மூடியைத் திறந்து பேக்கிங் மாற்ற வேண்டும், அரை மணி வேலை. நான் வால்வை வெளியே எடுத்துவைத்ததை மாமா பார்த்துவிட்டார்.

"மாப்ள, அத உள்ள மாட்டிடுங்க. புது எஞ்சினு. எதுக்கு வெச்சிருக்கான்னு நமக்குத் தெரியாது."

"மாட்டிடறேன் மச்சான். நீங்க போயி டீ சாப்புட்டு வாங்க."

மூத்தவராக இருந்தும் தங்கையைக் கட்டியவன் என்பதால் என்னை எப்போதும் வாங்க போங்க என்றுதான் பேசுவார். அவர் ரோட்டைத் தாண்டி டீக்கடைக்குப் போனார். டிரைவர் வந்து மெக்கானிக்குக்குச் சொல்லித் தருவதா என்று எனக்கு உள்ளே கடுப்பு. வால்வு இல்லாமல் மூடியை முறுக்கி மூடினேன். அவருக்கு நல்லது செய்கிறேன் என்றும் நினைத்தேன், அதையும் சொல்லிவிட வேண்டும். வெயில் காலத்தில் வண்டி குளிர்ச்சியாக ஓடும், ஒருநாள் விஷயத்தைச் சொல்லி அவரைச் சிரிக்கவைக்கலாம் என்று இருந்தேன். டீ குடித்துவிட்டு வந்தவர், "மாட்டிட்டீங்களா?" என்றார். "ஆச்சு" என்றேன்.

முதல் நடை சென்னைக்கு. சமமான ரோடு, ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவது நடை பெங்களூருக்கு, முழு லோடு. திருவண்ணாமலை தாண்டி, செங்கமும் தாண்டி, மலையை ஒட்டிய ஏற்றத்தில் உச்சி வெயிலில் எஞ்சின் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டது. மூன்றாம் நாள் இன்னொரு லாரியில் டோச்சன் சங்கிலி கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள். முன்னால் போன லாரிக்குப் பின்னால், சத்தமில்லாத வண்டியில், மாமா ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி வந்தார். இறங்கும்போது என்னைப் பார்த்து, "முள்ளு ஏறவே இல்ல மாப்ள. பார்த்துக்கிட்டேதான் வந்தேன். நடுவுல நின்னுச்சு, அப்புறம் எறங்குச்சு. சூடு கொறையுதுன்னு நெனச்சேன்" என்றார். சூடு காட்டுகிற மீட்டர் முள்ளைத்தான் சொன்னார்.

எஞ்சினைப் பிரித்தேன். ஹெட் வளைந்திருந்தது, பிஸ்டன்கள் உருகி ஒட்டியிருந்தன. விற்ற கம்பெனியிலிருந்து ஒருவர் பார்க்க வருகிறார் என்று முசே சொல்லியனுப்பினார். அவர் வருவதற்குள் நான் ஒரு காரியம் செய்தேன். சட்டைப் பையிலிருந்து அன்றைக்கே டூல் பெட்டியில் போட்டுவைத்திருந்த அந்த வால்வை எடுத்து, கரியும் ஆயிலும் தடவி, பிரித்துவைத்த சாமான்கள் இருந்த தட்டில் மற்றவற்றோடு வைத்தேன். வால்வு இல்லாததால்தான் எஞ்சின் போனது என்று அப்போது எனக்குத் தெரியாது. ஆனாலும் வைத்தேன். அதை நினைத்தால்தான் எனக்கு இன்னும் கூசுகிறது.

வந்தவர் பொறுமையான மனிதர். எதிர் டீக்கடையில் ஒரு டப்பாவில் வெந்நீர் வாங்கிவரச் சொல்லி அதில் வால்வைப் போட்டார். எல்லோரும் குனிந்து பார்த்தோம். தட்டு மெல்லத் திறந்தது. "வால்வு நல்லாத்தான் இருக்கு" என்றார். பிறகு அது எதற்கு என்று கேட்ட ஒருவருக்கு ஒரு அட்டையில் படம் போட்டுக் காட்டினார். இந்த எஞ்சினில் வால்வு திறக்கும்போது ரேடியேட்டர் வழியைத் திறப்பதோடு, எஞ்சினுக்குள்ளேயே திரும்புகிற குறுக்கு வழியை அடைக்கவும் செய்யும். அது இல்லாவிட்டால் பாதித் தண்ணீர் ரேடியேட்டருக்கே போகாமல் உள்ளேயே சுற்றிச் சுற்றிக் கொதிக்கும் என்றார். நான் அவருக்குப் பின்னால் நின்று கேட்டேன். தண்ணீர் ஆவியாகிப் போய்விட்டால், மீட்டருக்குச் சூடு சொல்கிற முனை வெறும் காற்றில் நிற்கும், முள் இறங்கிவிடும் என்பதும் அந்தப் படத்தைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. மாமா சொன்னது அத்தனையும் நிஜம். அந்த ஷெட்டில் அது தெரிந்த ஒரே ஆள் நான்.

வால்வு நன்றாக இருந்தால் தண்ணீர் குறைந்துதான் எஞ்சின் போயிருக்கும் என்று முடிவாகி, முசே மாமாவைக் கூப்பிட்டார். மாமா தான் பார்த்ததையே திரும்பச் சொன்னார். திருவண்ணாமலையில் நிறுத்தித் தண்ணீர் பார்த்ததையும் சொன்னார். முசே அவரை முடிக்கவிடவில்லை. "முள்ளு தூங்குச்சா, இல்ல நீ தூங்குனியா?" என்றார். நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அப்புறம் என் பக்கம் திரும்பி, "நீ சொல்லு, தண்ணி?" என்று கேட்டார்.

"நான் ரொப்பித்தான் அனுப்பினேன் முசே. வழியில பார்த்திருக்க மாட்டாரு."

மாமா என்னைப் பார்த்தார். அவர் ஒரு வார்த்தை கத்தியிருந்தால், என் சட்டையைப் பிடித்திருந்தால், உண்மை அங்கேயே வெளியே வந்திருக்கும் என்று பல நாள் நினைத்திருக்கிறேன். அவர் கத்த மாட்டார் என்று எனக்குத் தெரியும். அவருடைய தங்கை என் வீட்டில் இருக்கிறாள், ஏழாம் மாதம், வயிற்றில் எங்கள் மூத்த பிள்ளை. நாலு பேர் முன்னால் எந்த அண்ணனும் மாப்பிள்ளையை எதிர்த்துப் பேச மாட்டான். அந்த மரியாதைக்குப் பின்னால்தான் நான் ஒளிந்துகொண்டேன். மாமா லுங்கியை இறக்கிவிட்டுக்கொண்டு, வண்டியிலிருந்த தன் துண்டையும் தண்ணீர் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு நடந்து போனார். அதற்குப்பின் அவர் லாரி ஓட்டவில்லை. வேறு இரண்டு பேர் கூப்பிட்டும் போகவில்லை. ஏன் என்று நான் கேட்கவும் இல்லை.

முள் தூங்கியது என்ற பேச்சு மட்டும் தங்கிவிட்டது. உங்களுக்குக் காது குத்தியபோது, பெரியவனும் சின்னவளும் அவர் மடியில்தான் உட்கார்ந்தீர்கள். என் சித்தப்பா மகன் பந்தியிலிருந்து குரல் கொடுத்தான். "மச்சான், புள்ளைக்குச் சூடு ஏறுதான்னு பார்த்துக்கங்க, உங்க முள்ளு தூங்கிடப் போவுது!" சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் இலையிலிருந்து கை எடுத்துச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கொஞ்சம் சத்தமாகவே சிரித்தேன் என்று நினைக்கிறேன். மாமா உங்கள் தலையைத் தடவிக்கொண்டு, அழாதே அழாதே என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

போன வாரம் அவர் வீட்டுக்கு வந்தபோது, பெரியவனே, நீ கேட்டாய். "மாமா, கேட்டுல நம்பரெல்லாம் சரியா எழுதுறீங்களா, இல்ல அதுவும் தூக்கத்துலதானா?" தங்கையும் கைதட்டினாள். உங்கள் மேல் தப்பில்லை. நீங்கள் சிரிக்கக் கற்றுக்கொண்டது என்னைப் பார்த்து. அந்த எஞ்சின் எரிந்தபோது பிறக்காத பிள்ளைகள், அதன் பழியைத் தூக்கி அவர் மேல் போடுவதைக் கேட்டதும் நான் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டேன்.

மறுநாள் காலை தொழிற்பேட்டைக்குப் போனேன். கேட்டுக்குப் பக்கத்தில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்: வால்வை மாட்டாதது, மாட்டினேன் என்று சொன்னது, தட்டில் வைத்தது, முசேவிடம் சொன்னது. நடுவில் ஒரு லாரி வந்தது. மாமா எழுந்து கேட்டைத் திறந்துவிட்டு, நம்பரை எழுதி, நேரத்தையும் எழுதி, திரும்பி வந்து உட்கார்ந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"அப்போ முள்ளு நடுவுலதான் இருந்துச்சா?" என்றார்.

"ஆமா மச்சான். நீங்க பார்த்தது சரி."

"அதுக்கப்புறம் மூணு தடவ கண்ணு டாக்டருகிட்டப் போனேன் மாப்ள. ஒண்ணுமில்ல, நல்லா இருக்குன்னாரு. நான்தான் நம்பல. செவப்புல நின்னத நான் நடுவுலன்னு பார்த்துட்டேன்னு நெனச்சேன். அப்படிப்பட்ட கண்ண வெச்சுக்கிட்டு ரோட்டுல எப்படி ஓட்டுறது, எவனாவது குறுக்க வந்துட்டான்னா?"

இத்தனை வருடமும், நான் பொய் சொன்னேன் என்று தெரிந்துதான் அவர் என்னை மன்னித்து வைத்திருக்கிறார் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நினைப்பில்தான் தூங்கவும் முடிந்தது. அவருக்கு ஒன்றுமே தெரியாது. அவர் சந்தேகப்பட்டது தன்னை மட்டும்தான். நான் அவருடைய வேலையை எடுத்ததாக மட்டும் எண்ணியிருந்தேன். அவருடைய கண்ணை அவரே நம்பாமல் இருக்கச் செய்திருக்கிறேன்.

அவர் நோட்டை மூடிவைத்தார். "எங்கிட்டச் சொல்லிட்டீங்க, சரி. பசங்ககிட்டச் சொல்லிடுங்க. அவங்கதான சிரிக்கிறாங்க" என்றார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

மூன்று நாளாகச் சாப்பிட உட்காரும்போதெல்லாம் வாயைத் திறக்கப் பார்த்தேன், வரவில்லை. அதனால் எழுதுகிறேன். பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். அம்மாவிடம் நேற்று வாயாலேயே சொல்லிவிட்டேன். அதன்பின் அவள் என்னோடு பேசவில்லை. தட்டில் சோறு வைக்கிறாள், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை மாமாவைச் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறோம். என் சித்தப்பா மகனையும், அன்றைக்குப் பந்தியில் சிரித்தவர்களில் கூப்பிட முடிந்தவர்களையும் வரச்சொல்லியிருக்கிறேன். அவர்கள் முன்னால் இதைப் படிக்க வேண்டும். பெரியவனே, நீ படி. யார் என்ன கேட்டாலும் பதில் சொல்ல நான் அங்கேயே, மாமாவுக்கு எதிரில், உட்கார்ந்திருப்பேன்.