விரிசலுக்குள் அடைத்தவை

கோக்-ஜார் கிராமத்தை ஒட்டிய குன்று, பனி உருகி மழையும் சேரும் மாதங்களில் நகர்கிறது. ஆறு ஆண்டுகளுக்கு முன் ஒரு நண்பகலில் அது மேலத்தெருவின் நான்கு வீடுகளை மூடியது. அதன்பின், ஆபத்தில் உள்ளவர்களுக்குச் சமவெளியில் மனை தருவதாக மாவட்ட நிர்வாகம் அறிவித்தது. சுவரில் விரிசல் இருப்பதை ஆய்வாளர் நேரில் கண்டு எழுதினால்தான் பட்டியலில் பெயர் ஏறும்.

குன்றுக்கு மிக அருகில் இருப்பது புர்மாகானின் வீடு. ஆனால் அவர் பெயர் இரண்டு முறை விடுபட்டது. ஏன்?

கிராம அலுவலகத்தில் எழுத்தராக இருக்கும் நான், பழைய ஆய்வுப் படிவங்களைத் தேடிப் படித்தேன். இரண்டிலும் ஒரே வாசகம்: “சுவர்கள் நல்ல நிலையில் உள்ளன.” இரண்டிலும் தேதி மார்ச் மாதக் கடைசி வாரம். வசந்தப் புத்தாண்டான நூருஸ் பண்டிகை மார்ச் இருபத்தொன்று. அதற்கு முன் வீட்டைப் பூசி வெள்ளையடிக்காத பெண் எங்கள் ஊரில் இல்லை.

புர்மாகானுக்கு ஐம்பத்திரண்டு வயது. பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. இந்த ஆண்டு வெள்ளையடிக்க வேண்டாமென்று அவரிடம் சொல்லிப் பார்த்தேன்.

“நூருஸுக்கு வர்றவங்க என்ன, சுமலாக் கூழ் சாப்பிடுவாங்களா, சுவத்து ஓட்டைய எண்ணுவாங்களா?” என்றார். சுண்ணாம்பு வாளி ஏற்கெனவே அவர் கையில் இருந்தது.

மார்ச் இருபத்தாறாம் தேதி ஆய்வாளர் திலெபால்தி வந்தார்; நானும் உடன் போனேன். சுவரைத் தட்டிப் பார்த்தார், தேநீர் குடித்தார், ரொட்டியைப் பிய்த்தபடியே படிவத்தில் எழுதத் தொடங்கினார்.

“எஜே,” என்று புர்மாகானை அக்கா முறை சொல்லி அழைத்தார். “உங்க வீடு என் வீட்டவிட அழகா இருக்கு. இதப் போயி ஆபத்துன்னு எப்படி எழுதறது?”

“எழுதாதீங்க தம்பி,” என்றார் புர்மாகானின் கணவர் சாத்தார். “மலை வந்து கதவத் தட்டுனா, ‘அழகான வீடு, அடுத்த வீட்டுக்குப் போ’ன்னு சொல்லிக்கிறோம்.”

“நீங்க சும்மா இருங்க,” என்று அவரை அடக்கிவிட்டு, புர்மாகான் ரொட்டி அறுக்கும் கத்தியை எடுத்தார். விருந்தாளி முன்னால் எந்தப் பெண்ணும் செய்யத் துணியாத ஒன்றைச் செய்தார். ஒரு வாரமே ஆன வெள்ளைப் பூச்சைக் குத்தி உரித்தார்.

ஈரக் களிமண் கட்டி கட்டியாக உதிர்ந்தது. உள்ளிருந்து அரைத் தலையணை ஒன்றை இழுத்தார்.

“இது இந்த வருஷம்.”

அடுத்து ஒரு கோட்டுக் கை வந்தது.

“போன வருஷம்.”

“அடிப்பாவி, அது என் கோட்டு! திருடன் கொண்டுபோயிட்டான்னு சொன்னியே!”

“அந்தத் திருடன் இங்கதான் இருந்தான். இந்தாங்க, அதுக்கு முந்தின வருஷம்.” அது ஒரு கம்பளிக் காலுறை. கடைசியாக, விரல் தடிமனில் ஒரு கம்பளித் திரி. “இதுதான் மொத வருஷம். அப்ப அவ்வளவுதான் நுழைஞ்சுது.”

ஆய்வாளர் ரொட்டியைத் தட்டில் வைத்தார். நான்கையும் தரையில் வரிசையாகப் பரப்பி, ஒவ்வொன்றின் தடிமனையும் அளந்தார். விரிசலுக்குள் கையை விட்டார், முழங்கைவரை போயிற்று. வெளியே எடுத்தபோது விரல் நுனிகள் ஈரமாக இருந்தன. மழை பெய்து ஒன்பது நாள் ஆகியிருந்தது; அது குன்றுக்குள்ளிருந்து கசிந்த ஈரம்.

“எஜே, முதல் வரிசையில பேரு எழுதிட்டேன். ஆனா மனை கிடைக்கிறவரைக்கும் இங்க யாரும் படுக்கக் கூடாது. இன்னைக்கே காலி பண்ணுங்க. மாவட்டக் குழு வந்து பாக்குறவரைக்கும் இத மூடவும் கூடாது.”

“திறந்தேவா? யாராச்சும் வந்தா?”

“யாரும் உள்ள வரக் கூடாதுன்னுதானே சொல்றேன்!”

புர்மாகான் படுக்கைகளைச் சுருட்டத் தொடங்கினார். அன்று மாலையே இருவரும் பள்ளிக்கூடத்துக்குக் குடிபெயர்ந்தார்கள். போகும்முன், விரிசலடியில் உதிர்ந்து கிடந்த மண்ணைப் புர்மாகான் சுத்தமாகப் பெருக்கி அள்ளினார்.