முதலில் குடம்

சுன்னாகத்துக்கு அருகே எங்கள் ஊரில் எங்கள் சாதியார் கிணற்றைத் தொடக்கூடாது. அள்ள வருகிறவர்கள் வார்த்தால்தான் தண்ணீர். கயிற்றைத் தொட்டதற்கு வழக்குப் போட்டு என் கணவரை மறியலில் அடைத்திருந்தார்கள்.

அந்த வழக்கை ஆராயவென்று ஒரு கல்லூரி மாணவர் கிணற்றடிக்கே வந்தார். எங்கள் நியாயத்தை எழுதுவார் என்று நம்பி, கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். அதற்குள் அள்ள வந்த பெண்கள் போய்விட்டார்கள். வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல்.

“நயினார், ஒரு குடம் வாத்துவிடுங்கோ” என்றேன்.

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். “நான் உனக்கு அள்ளி வாக்கிறதோ? ஆரும் கண்டால் என்ன நினைப்பினம்? பொம்பிளையள் வருவினம், நில்” என்று சைக்கிளில் ஏறினார்.

இப்போது யார் ஆராய வந்தாலும் முதலில் குடத்தை நீட்டுகிறேன். நிரப்பினால்தான் வாய் திறப்பேன். இதுவரை ஒருவருக்கும் நான் பதில் சொல்ல நேரவில்லை.