வைண்டிங் கடை ஜோஸ்பினின் கான்டசா

எரிந்துபோன மோட்டாரை யார் கொண்டுவந்து போட்டாலும் ஜோஸ்பின் முதலில் அதை முகர்ந்துதான் பார்ப்பார். மீட்டரெல்லாம் அப்புறம். மூக்கை உள்ளே விட்டு ஒரு இழுப்பு. பிறகு எதிரே நிற்பவரை ஏற இறங்க ஒரு பார்வை. "மூணு பேஸ் மோட்டார ரெண்டு பேஸ்லயே ஓட்டியிருக்க. பொய் சொல்லாத அப்பு." வேடசந்தூர்ப் பக்கமிருந்து கிணற்று மோட்டாரோடு டெம்போ பிடித்து வந்த சம்சாரி தலையைச் சொறிவார். திண்டுக்கல்லில் மோட்டாருக்குக் கம்பி சுற்றும் வைண்டிங் கடைகளுக்கா பஞ்சம்? கூலியும் கொடுத்துத் திட்டும் வாங்கிக்கொண்டு போவதற்கென்றே ஒரு கூட்டம் இங்கே வருகிறது.

வயது நாற்பத்தேழு. இரண்டு வயதில் வந்த போலியோ இரண்டு கால்களையும் சூம்ப வைத்துவிட்டது. தொடை வரை காலைத் தாங்கும் இரும்புக் காலிபர், இரு கையிலும் ஊன்றுகோல். ஆனால் முக்காலியில் உட்கார்ந்து செம்புக் கம்பியைக் கையில் எடுத்துவிட்டால் அந்தத் தெருவே அவர் அதிகாரத்தில்தான். சுற்றை வாய்விட்டு எண்ணுவார். "முப்பத்தாறு, முப்பத்தேழு, டீய அங்குட்டு வையி, முப்பத்தெட்டு." எண்ணிக்கை தப்பி இதுவரை யாரும் பார்த்ததில்லை.

கடைக்குப் பின்னால் தகரக் கொட்டகையில்தான் அவருடைய கான்டசா கார் நிற்கிறது. நீண்ட மூக்கும் அகன்ற தோளுமாக, ஒரு காலத்தில் ஊர்ப் பெரிய மனிதர்கள் மட்டும் ஏறிய வண்டி. பதினொன்றாம் வகுப்பு படிக்கும்போது ஜோஸ்பின் ரோட்டைக் கடக்க, அப்படியொரு கார் பின்னால் நின்று விடாமல் ஹாரன் அடித்ததாம். "நான் என்ன வேணும்னா மெதுவாப் போறேன்? அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன், ஓட்டுனா இதைத்தான் ஓட்டணும்னு." வேண்டுதல் இல்லை, கனவும் இல்லை, சுத்தமான கோபம்.

ஆறு வருடங்களுக்கு முன் சித்தையன்கோட்டையில் ஒரு தென்னந்தோப்புக்குள் இந்த வண்டி கிடைத்தது. பின் சீட்டில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. குஞ்சு பொரிக்கட்டும் என்று பத்து நாள் பொறுத்து, பிறகு லாரியில் ஏற்றி வந்தார். தம்பி ரொனால்டு தலையில் கை வைத்தான். "அதான் பக்கச் சக்கரம் வச்ச ஸ்கூட்டர் வாங்கிக் கொடுத்தேன்லக்கா, அது போதாதா?" மழையில் நனைந்துகொண்டே அதே ஸ்கூட்டரில் நற்கருணைப் பூசைக்குப் போய்வந்த அக்கா சொன்னார்: "உன் காரைக் குடுத்துட்டு நீ அதுல போறியாடா?" அத்தோடு அவன் அந்தப் பேச்சை விட்டுவிட்டான்.

வண்டியின் அடிச்சட்டமான சேஸில் கை வைப்பதுதான் பெரிய வேலை. காலிபர் போட்ட காலை யாரும் தூக்கிவிடாமல் உள்ளே வைக்க வேண்டும் என்றால், கதவுக்குக் கீழே ஓடும் இரும்புப் பட்டையை நான்கு விரற்கடை தாழ்த்த வேண்டும். டிரைவர் சீட் வெளிப்பக்கம் திரும்பி வர வேண்டும். வெல்டிங் சுருளிவேல் கையெடுத்துக் கும்பிட்டான். "யக்கா, அது வண்டிக்கு முதுகெலும்புக்கா. அதைப் போயி அறுக்கச் சொல்றீகளே!" ஜோஸ்பின் சாக்பீஸை எடுத்துச் சிமென்ட் தரையிலேயே படம் போட்டார். அறுத்த இடத்துக்கு ஈடாகத் தரைக்கடியில் இரண்டு பெட்டிக் குழாய், குறுக்கே ஒன்று. "நமக்கு முதுகெலும்பு வேற எடத்துல இருக்கும்லே. அறுத்துப் பத்தவையி."

அதில் ஒரு கூத்தும் நடந்தது. மறுநாள் மாதாந்திர மின்தடை என்று அறிவிப்பு வந்துவிட்டது. கரண்டு போவதற்குள் முடித்துவிடலாம் என்று, கதவைக் கழற்றிப் போட்டுவிட்டு, ஒரு பக்கத்தை மட்டும் ஒரே நாளில் முழுசாகப் பற்றவைத்துவிட்டார்கள் இருவரும். சூடு ஆறியதும் வண்டி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. கதவைக் கொண்டுவந்து வைத்தால் அரை அங்குலம் இடிக்கிறது. ஏழு மாத உழைப்பு! சுருளிவேல் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டான். ஜோஸ்பின் பற்றவைத்த இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டார்.

"அறுலே."

"யக்கா..."

"அறுலேங்கிறேன். இந்தத் தடவ கதவ மாட்டிட்டு, பக்கத்துக்குக் கொஞ்சமா மாத்தி மாத்திப் பத்தவையி. கரண்டு ஆபீஸ்காரன் எப்ப நிப்பாட்டுனா நமக்கென்ன?"

இரண்டாம் முறை கதவு, விரலால் தள்ளினாலே சாத்திக்கொண்டது. விபத்தில் நொறுங்கிய ஒரு புது வண்டியிலிருந்து கிளட்ச் இல்லாத கியர்பெட்டி வந்தது. பிரேக்கும் ஆக்சிலேட்டரும் ஸ்டியரிங்குக்கு அடியில் ஒரே கைப்பிடியில். வண்டியை இப்படி மாற்றியமைக்க அனுமதிக் கடிதம் கேட்டு நடந்த நடையை எழுதினால் இந்தப் பத்திரிகை தாங்காது. மிச்சமிருந்தது பிரேக் இன்ஸ்பெக்டரின் கையெழுத்து ஒன்றுதான். அது விழுந்தால் ரோடு. விழாவிட்டால் ஆறு வருடமும் பழைய இரும்புக்கடைக்கு.

போன மாதம் சோதனைத் திடலில் இன்ஸ்பெக்டர் வண்டியை இரண்டு தடவை சுற்றிவந்தார். குனிந்து அடிக்குழாயைத் தட்டினார். ஜோஸ்பினை எட்டுப் போடச் சொன்னார், போட்டார். மேட்டில் நிறுத்தி எடுக்கச் சொன்னார், எடுத்தார். அப்புறமும் மனிதருக்கு மனசு ஆறவில்லை.

"ஏம்மா, உங்களுக்கு எதுக்கும்மா இம்புட்டுப் பெரிய வண்டி?"

"நீங்க எதுல சார் வந்தீங்க?"

"கார்ல."

"டவுன் பஸ் ஓடுதுல்ல சார்?"

சுருளிவேலுக்கு உயிரே போய்விட்டது. இன்ஸ்பெக்டர் முகம் கறுத்தது. "சாவியக் குடுங்க. நானே ஒரு ரவுண்டு ஓட்டிப் பாக்கணும்" என்று ஏறி உட்கார்ந்தார். உட்கார்ந்தவரின் கால்கள் கீழே துழாவின. இங்கும் அங்கும் துழாவின. குனிந்து பார்த்தார், வழவழவென்று தரை.

"பெடல் எங்கம்மா?"

"எடுத்தாச்சு சார்."

"வேற யாராச்சும் ஓட்டணும்னா?"

"ஊர்ல உள்ள வண்டி அம்புட்டையும் உங்க காலுக்குத்தான சார் செஞ்சு வச்சிருக்காக. இது ஒண்ணு எனக்குச் செஞ்சது. எடது கையில கைப்பிடி இருக்கு பாருங்க. இழுத்தா ஓடும், தள்ளுனா நிக்கும்."

இன்ஸ்பெக்டர் இழுத்தார். வண்டி உறுமிக்கொண்டு பாய்ந்தது. பதறிப்போய்த் தள்ளினார், பத்தடியில் கல்லாக நின்றது. நெற்றியைத் துடைத்துக்கொண்டார். பிறகு காகிதத்தை ஸ்டியரிங் மேலேயே வைத்துக் கையெழுத்துப் போட்டார். "பிரேக் நல்லாத்தான் பிடிக்குது" என்றார், கரகரத்த குரலில்.

கதவைத் திறந்து இறங்குவதற்குள் அவர் கை எதிலோ பட்டு, சீட் அவரையும் தூக்கிக்கொண்டு மெதுவாக வெளிப்பக்கம் திரும்பியது. தாழ்ந்த படியில் எங்கே காலை வைப்பது என்று தெரியாமல் முழித்தார். சுருளிவேல் ஓடிவந்தான். அவனை ஒரு பார்வையில் நிறுத்திவிட்டு, ஜோஸ்பின் ஓர் ஊன்றுகோலைக் கதவில் சாய்த்து வைத்தார். கம்பி சுற்றிச் சுற்றிக் காய்த்துப்போன வலது கையை இன்ஸ்பெக்டரிடம் நீட்டினார்.

"பிடிச்சுக்கங்க சார். பாத்து, மெதுவா எறங்குங்க."