தவமணி அக்காவின் சுவர்

செய்தி வந்தபோது புனேயில், பாணேர் பகுதியில் அலுவலகத்து லிஃப்ட் முன்னால் நின்றுகொண்டிருந்தேன். அழைத்தது தவமணி அக்காவின் மகன் முரளி. "ஆன்ட்டி, அம்மா போயிட்டாங்க" என்றான். புனேயிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளை. தமிழில் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் பாதி மராத்தியாகிவிடும். அன்று தடுமாறாமல் சொன்னான். மத்தியானம், பால்கனி நாற்காலியில் உட்கார்ந்தபடியே உயிர் பிரிந்திருக்கிறது. வேலை முடிந்து வீட்டுக்கு வந்த பிறகுதான் அவன் பார்த்திருக்கிறான். "யாருமே இல்ல ஆன்ட்டி. தனியா இருந்தாங்க. யாருமே இல்ல" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தான். லிஃப்ட் வந்து நின்றது, போனது. நான் ஏறவில்லை.

அவரைத் தெரிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். புனேத் தமிழர்களின் பொங்கல் கூட்டத்தில் நெய் ஒழுக ஒழுக அவர் பரிமாறியதைச் சாப்பிட்டவர்கள் இருப்பீர்கள். சிஞ்ச்வடில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில், கணக்குப் பிரிவில் அவரோடு வேலை பார்த்தவர்கள் இருப்பீர்கள். கணவரை இழந்து, ஓய்வு பெற்று, கணீரென்று பேசிக்கொண்டு வளைய வந்த ஒரு பெண்மணி என்றுதான் உங்களில் பலருக்கு அவரைத் தெரியும். அவர் ஓவியர். லேசுப்பட்ட ஓவியர் அல்ல. நான் மிகைப்படுத்துகிற ஆள் இல்லை. மென்பொருளுக்குக் கையேடு எழுதிப் பிழைக்கிறவள். இந்தப் பொத்தானை அழுத்தினால் இது நடக்கும் என்பதற்கு மேல் ஒரு சொல் கூடினாலும் எங்கள் மேலாளர் வெட்டிவிடுவார். அப்படிப்பட்டவள் சொல்கிறேன், நம்புங்கள்.

நான் கோயமுத்தூர்க்காரி. அக்காவின் அப்பா நாமக்கல் பக்கத்திலிருந்து புனேயின் கட்கியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலைக்கு வேலைக்கு வந்தவர். அக்கா பிறந்ததே கட்கியில். ஆனாலும் எங்கள் பக்கத்துப் பேச்சு அவர் வாயில் அப்படியே இருந்தது, நடுநடுவே மராத்தி தூவியபடி. அதைக் கேட்டுத்தான் முதலில் ஒட்டிக்கொண்டேன். ஒருநாள் வீட்டுக்குப் போயிருந்தபோது கட்டிலுக்கு அடியிலிருந்து பழைய சேலையில் சுற்றிய பலகைகளை இழுத்தார். "பாக்கறயா கண்ணு? சிரிக்கப்படாது, சொல்லிப்போட்டேன்" என்றார். முதல் பலகையில் ஒரு சுவர். அடுத்ததில் அதே சுவர். அதற்கடுத்ததிலும் அதே சுவர். பாவம், வேறு எதுவும் வரைய வராது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

நாலைந்து பலகை தாண்டியதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். மழை விட்ட கையோடு ஒரு சுவர், குளிப்பாட்டி நிறுத்திய எருமை மாதிரி மினுமினுத்தது. வெயிலில் தூசி ஏறி வெளுத்துக் களைத்துப்போன சுவர். சாயங்கால வெளிச்சத்தில் குழாயின் நிழல் நீண்டு கிடக்கும் சுவர். குளிர்காலத்துக் காலையில் பாசி காய்ந்து பழுப்பேறிய சுவர். ஒன்றைப் போல் இன்னொன்று இல்லை. "எந்தக் கோட்டைச் சுவருங்கக்கா இது?" என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே பால்கனிக் கதவைத் திறந்தார். எதிரே அதே அடுக்ககத்தின் பக்கத்து விங்கின் பின்பக்கச் சுவர். ஜன்னல்கூடக் கிடையாது. ஒரு கழிவுநீர்க் குழாய், ஏசி தண்ணீர் ஒழுகிய கறை, மேலே ஒரு விரிசல். அடேயப்பா, இதையா! பலகையையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தேன். அந்தப் பால்கனியில் நின்று எத்தனையோ முறை காபி குடித்திருக்கிறேன். ஒரு தடவைகூட அந்தச் சுவரை நான் பார்த்ததில்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அவர் வரைகிற விதமே தனி. மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்காருவார். உடனே தூரிகையை எடுக்க மாட்டார். வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருப்பார். நாம் பேசினால் பதில் வரும், முகம் திரும்பாது. எனக்கோ பொறுமை கிடையாது. "இன்னும் ஆரம்பிக்கலீங்களா?" என்று நச்சரிப்பேன். "வந்ததும் வராததுமா எப்படிக் கண்ணு? ஒருத்தர் வீட்டுக்குப் போனா, செத்த உக்காந்துதான பேசோணும்" என்பார்.

நான்தான் சும்மா இருக்கமாட்டாமல் அந்தப் பலகைகளைப் படம் எடுத்து, கோரேகாவ் பார்க்கில் ஓவியக்கூடம் நடத்தும் ஓர் அம்மையாருக்கு அனுப்பினேன். அவர் நேரில் வந்து பார்த்தார். பார்த்துவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். கணபதி விழா முடிந்ததும் கண்காட்சி வைக்கலாம், ஆனால் 'நான் ஏன் வரைகிறேன்' என்று ஓவியர் ஒரு பத்தி எழுதித் தரவேண்டும், வாசலில் மாட்ட வேண்டும் என்றார். அக்கா கையை விரித்துவிட்டார். "எனக்கென்ன தெரியும்? நீ மெஷினுக்கே எழுதறவ, எனக்கு எழுத மாட்டயா?" என்று என் தலையில் கட்டினார். அன்று பிடித்தது எனக்குச் சனி.

முதலில், கணவரை இழந்த துயரத்தில் வெற்றுச் சுவரைப் பார்த்து வரைந்தார் என்று உருக்கமாக எழுதிக்கொண்டு போனேன். படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "அரே, அவரு இருக்கும்போதே நான் வரைஞ்சேன். அவரு கூடச் சண்டை போட்டுப்போட்டு வந்து வரைஞ்சிருக்கேன். செத்த மனுசனை வாசல்ல மாட்டி வெக்காத, விடு." அடுத்து, சொந்த மண்ணைப் பிரிந்த வலி என்று எழுதினேன். அதற்கு இன்னும் பெரிய சிரிப்பு. "நான் எந்த மண்ணைப் பிரிஞ்சேன்? கட்கியிலிருந்து சிஞ்ச்வட் வந்தேன். லோக்கல்ல நாலு ஸ்டேஷன்." உழைப்பாளர் வாழ்வின் சாட்சி என்று ஒன்று எழுதியதை முழுதாகக் கேட்கக்கூட இல்லை, அடுப்பில் பால் பொங்குகிறது என்று எழுந்து போய்விட்டார். எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. பின்னே ஏன்தான் வரைகிறீர்கள் என்று கத்தினேன். "தெரிஞ்சா சொல்ல மாட்டனா?" என்றார் அடுக்களையிலிருந்து.

கோடையில் அவருக்கு நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். முரளிக்குப் பகலில் விடுப்பு கிடைக்கவில்லை. நான் போய்த் துணைக்கு இருந்தேன். அதே நாட்களில்தான் அவர் குடியிருப்பில் ஒரு கூத்து நடந்தது. சொசைட்டிக்காரர்களுக்கு அக்காவின் மேல் கொள்ளைப் பிரியம். கண்காட்சி வைக்கப்போகிற ஓவியருக்கு எதிரே இப்படி ஓர் அசிங்கமான சுவரா என்று செக்ரட்டரி மனம் வருந்தியிருக்கிறார். அக்கா திரும்பி வருவதற்குள் ஆட்களை வரவழைத்து, விரிசலை அடைத்து, கறையைச் சுரண்டி, சுவர் முழுக்க வெளிர்நீலப் பெயிண்ட் அடித்துவிட்டார்கள். அக்காவுக்கு ஆச்சரியம் கொடுக்க வேண்டுமாம்.

நாங்கள் வந்து இறங்கியபோது எல்லோரும் திரண்டு நின்றார்கள். செக்ரட்டரி தானே அக்காவின் கையைப் பிடித்துப் பால்கனிக்கு அழைத்துப் போனார். "காக்கு, ஆத்தா பகா!" சித்தி, இப்போது பாருங்கள் என்று மராத்தியில் சொல்லிக் கதவைத் திறந்தார். எதிரே பளிச்சென்று, புத்தம் புதிதாக, மொழுக்கென்று ஒரு நீலம். அக்கா பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு செக்ரட்டரி பக்கம் திரும்பி, "கித்தி சுந்தர்!" என்றார். எவ்வளவு அழகு என்று சொன்னவர் முரளியை அனுப்பி அத்தனை பேருக்கும் பேடா வாங்கிக் கொடுத்தார்.

அவர்கள் போனதும் நான் குதித்தேன். "என்னுங்கக்கா இது, உங்க சுவரையே அழிச்சுப்போட்டாங்க, நீங்க இனிப்புக் குடுக்கறீங்க! கோவமே வரலீங்களா?"

"அட போ கண்ணு. இத்தனை வருசத்துல இன்னைக்குத்தான் அந்தச் சுவரை இவங்க நிமுந்து பாத்திருக்காங்க" என்றார்.

"இனி வரையறதுக்கு என்ன இருக்குதுங்க அதுல?"

"சுவரு அங்கதான நிக்குது?"

மறுநாளே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். வழக்கம் போலச் சும்மா. நான் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். வெகுநேரம் கழித்து, முகத்தைத் திருப்பாமலே கேட்டார்.

"நீ ஆஸ்பத்திரியில எங்கூட இருந்தியே, என்ன பண்ணுன?"

"ஒண்ணும் பண்ணலீங்கக்கா. சும்மா உக்காந்திருந்தேன்."

"டாக்டரு பாத்துக்கிட்டாரு, நர்ஸ் மருந்து குடுத்தா. நீ எதுக்கு?"

"எதுக்குன்னா என்னுங்க? துணைக்குத்தான்."

"அதேதான்" என்றார். தூரிகையை எடுத்துத் தண்ணீரில் நனைத்தார்.

எனக்குக் கத்தி கையிலேயே நின்றுவிட்டது. ஒரு சுவருக்குத் துணை இருப்பதா! யாரும் ஏறிட்டும் பார்க்காமல் வெயிலிலும் மழையிலும் நிற்கிற ஒன்றின் பக்கத்தில், எதையும் எதிர்பார்க்காமல், இத்தனை வருடம் ஒருத்தர் போய் உட்கார முடியுமா? கறை இருந்தால்தான், விரிசல் இருந்தால்தான் என்ற கணக்கெல்லாம் இல்லாமல்? அவரை நிமிர்ந்து பார்த்தேன். இவ்வளவு பெரிய மனசுக்குப் பக்கத்தில் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருக்கிறோமே என்று இருந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், அந்த இடத்திலேயே அவர் காலைத் தொட்டுக் கும்பிடத் தோன்றியது. கும்பிட்டிருந்தால் உதைத்திருப்பார்.

அதை எழுதுவதற்குள் மழைக்காலம் வந்துவிட்டது, அக்காவும் போய்விட்டார்.

காரியம் முடிந்த அன்று, வந்தவர்கள் சாப்பிட்டுப் போன பிறகு, முரளியும் செக்ரட்டரியும் நானும் பால்கனியில் நின்றிருந்தோம். மழை கொட்டிக்கொண்டிருந்தது. ஓவியக்கூடத்து அம்மையார் அந்தப் பத்தியைக் கேட்டுக் காலையில்தான் அழைத்திருந்தார். முரளி மறுபடியும் ஆரம்பித்தான். "எல்லாருக்கும் போய் நின்னாங்க ஆன்ட்டி. அவங்களுக்கு லாஸ்ட்ல யாருமே இல்ல." எத்தனை நாளாக அது அவனை அறுத்துக்கொண்டிருந்தது என்பது முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

ஆஸ்பத்திரியைப் பற்றி அக்கா கேட்டதையும் நான் சொன்னதையும் அவனுக்குச் சொன்னேன். செக்ரட்டரிக்குப் புரியவில்லை, என்ன, என்ன என்றார். முரளி மராத்தியில் சொல்லிக்கொண்டு வந்து, துணை என்ற இடத்தில் சொல் கிடைக்காமல் கையை ஆட்டினான். செக்ரட்டரி அவன் கையைப் பிடித்தார். "ம்ஹணஜே, ஸோபதீலா" என்றார். நோயாளிக்குத் துணையாக யார் இருக்கிறீர்கள் என்று இந்த ஊர் ஆஸ்பத்திரியில் கேட்பார்களே, அந்த 'ஸோபதீலா'. சொன்னவர் நீலச் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் கண் நிறைந்துவிட்டது.

முரளி உள்ளே போய் அம்மாவின் கடைசிப் பலகையை எடுத்துவந்தான். நாற்காலிக்குப் பக்கத்தில் சாய்ந்திருந்ததாம். பலகை முழுக்க அந்த வெளிர்நீலம். குழாய்க்குக் கீழே மட்டும், விரல் அகலத்துக்கு, புதுப் பெயிண்டுக்குள்ளிருந்து கசிந்த முதல் ஈரம். தலையைத் தூக்கிப் பார்த்தோம். எதிரே அதே இடத்தில் அதே ஈரம், இப்போது கொஞ்சம் இறங்கியிருந்தது. கடைசி மத்தியானம் அக்கா பார்த்துக்கொண்டிருந்தது அதைத்தான்.

"யாருமே இல்லைன்னு சொல்லாத முரளி" என்றேன். "அது எதுத்தாப்புல நின்னுச்சு."

அவன் வாய்விட்டு அழுதான். செய்தி சொன்ன நாளிலிருந்து அப்போதுதான் அழுகிறான் என்று நினைக்கிறேன்.

அன்று வீட்டுக்கு வந்து எழுதிவிட்டேன். 'துணைக்கு உட்கார்ந்திருந்தேன்.' அவ்வளவுதான் பத்தி. கீழே மராத்தியில் செக்ரட்டரியின் சொல். இதைப் போய் எப்படி மாட்டுவது என்று அம்மையார் முதலில் இழுத்தார், பிறகு மாட்டுவதாகச் சொல்லிவிட்டார். என் வாழ்நாளில் நான் எழுதிய கையேடுகளிலேயே சரியான ஒன்று அதுதான். அதுவும் அக்கா எழுதியது. முரளி எனக்கு ஒரு பலகை கொடுத்திருக்கிறான், குளிர்காலத்துச் சுவர். என் மேசைக்கு எதிரே இருக்கிறது. வந்ததும் வராததுமாக வேலையில் கை வைக்காமல் அதன் முன்னால் கொஞ்ச நேரம் உட்கார்கிறேன். அந்தப் பழக்கத்தை அக்காவிடமிருந்து எடுத்துக்கொண்டேன், திருப்பித் தருவதாக இல்லை.

இன்னொன்றும் ஆசைப்பட்டேன். அந்தப் பிளாஸ்டிக் நாற்காலி எனக்கு வேண்டும் என்று கேட்டேன். எதைக் கேட்டாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொன்ன பிள்ளை, தலையை ஆட்டி மறுத்துவிட்டான்.

"அது மட்டும் வேணாம் ஆன்ட்டி. லீவு நாள்ல நான் உக்கார்றேன். சுவரு தனியா இருக்கும்ல?"