உப்பளத்தில் ஒரு சீனக் கதை

தூத்துக்குடிக்கு இன்னும் நான்கு மைல் இருக்கும்போது பஸ் பஞ்சராகி நிற்கிறது. இரண்டு பக்கமும் உப்பளம். புதுத் துறைமுகத்துக்குப் போகும் லாரிகளின் புழுதியில் உப்புக் குவியல்கள் பழுப்பேறிக் கிடக்கின்றன. நாளைக்குக் கல்லூரியில் பேசுவதற்காக நான் புரட்டிக்கொண்டிருக்கும் சீன வரலாற்றில் என்ன இருக்கிறது என்று கேட்கிறார், ஓரமாக நிற்கும் உப்பள முதலாளி அண்ணாச்சி.

சொல்கிறேன். தாங் வம்சம் தள்ளாடும் காலம். கள்ள உப்பு விற்ற ஒருவன் கலகம் செய்கிறான். அவனுடைய தளபதி பேரரசர் பக்கம் தாவிவிடுகிறான். மகிழ்ந்துபோன பேரரசர் அவனுக்குப் பதவியும் படையும் கொடுத்து, 'முழு விசுவாசி' என்று பெயரும் சூட்டுகிறார். அந்த விசுவாசி அக்கம்பக்கத்துத் தளபதிகளை ஒவ்வொருவராக ஒடுக்குகிறான். பிறகு அடுத்து வந்த பேரரசரையும் கொல்கிறான். கடைசியில் அரியணையிலும் ஏறிவிடுகிறான்.

அண்ணாச்சி சிரிக்கவில்லை.

"எங்கிட்டயும் ஒருத்தன் இருக்கான் சார். உப்புத் திருடிட்டுத் திரிஞ்ச பய. நாந்தான் கூப்பிட்டுக் காவலுக்கு வச்சேன். இப்ப அவன் சொன்னாத்தான் லாரில உப்பு ஏறுது."

"வேலையை விட்டு நிறுத்திவிட வேண்டியதுதானே?"

அண்ணாச்சி உப்புக் கொட்டகைப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்துகிறார்.

"போன வாரமே நின்னுக்கோன்னு சொல்லிட்டேன். யோசிச்சுச் சொல்லுதேன்னுட்டான்."