நாவலில் இடித்த இடி

லிஃப்ட் பழுதுபார்க்கும் ஒருவர் ஐம்பது வயதுக்கு மேல் ஒரு நாவல் எழுதி அச்சில் கொண்டுவந்தார். முதலில் படித்தவர், வீட்டிலேயே தையல்கடை நடத்தும் அவர் மனைவி. படித்து முடித்ததும் கணவரைக் கூப்பிட்டார்.

“கதாநாயகனோட பொண்டாட்டி வாயைத் திறந்தாலே இடி இடிக்குதே, ஏங்க?”

கணவர் சமாளிக்கப் பார்த்தார்.

“இடிக்கு அப்புறம்தானே மழை வரும்? குடும்பமே அவளாலதான் தழைக்குதுன்னு அர்த்தம்.”

“அப்போ அவன் அம்மா வர்றப்ப மட்டும் ரோஜா பூக்குதே?”

“அது... அம்மாவும் படிப்பாங்கல்ல.”

மனைவியால் சிரிப்பை அடக்க முடியவில்லை. அன்றே புத்தகம் மாமியார் கைக்குப் போனது. படித்துவிட்டு அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு மருமகளிடம் வந்தார்.

“பார்த்தியாம்மா, பெத்தவளைப் பூன்னு எழுதியிருக்கான். சீக்கிரமே வாடி உதிர்ந்துடுவேனாம். உன்னையாவது இடின்னு மதிச்சிருக்கான்.”

அதுவரை எதிலும் ஒத்துப்போகாத இருவரும் அன்று ஒரே கட்சியானார்கள். எழுத்தாளரை நடுவில் உட்காரவைத்து, நிலா யார், முள்செடி யார் என்று பக்கம் பக்கமாக விசாரித்தார்கள். வீட்டில் இப்படியொரு ஒற்றுமையைப் பார்த்து அவருக்கு உள்ளூர மகிழ்ச்சிதான்.

இப்போது இரண்டாவது நாவல் எழுதுகிறார். அதில் ஒரு புல்கூட முளைப்பதில்லை.